அந்த அரை மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சிப் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், திருவொற்றியூர் தொடங்கி திரு.வி.க. நகர் வரை வடசென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்சுகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறேன். மண்ணடியில் ஒரு டிடிபி கடையில் தமிழ் டைப்பிங் வேலை. வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பத்து வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. சின்னவளுக்கு ஒன்றரை வயது. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அவளுக்கு இரண்டாவது தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அங்கே பார்த்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். இடுப்பில் ஆண் குழந்தை. நர்சம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கலந்து, குப்பியின் மேல் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, இந்த ஊசி போட்டா புள்ளைக்குப் பேச்சு நின்னுடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

நர்சம்மா நிமிரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லமா, கைய கெட்டியா புடிச்சிக்கோ."

ஊசி போட்டாயிற்று. எது எதற்கான ஊசி, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைத் தொலைக்காதே என்று சொல்ல வேண்டிய நாலையும் சொன்னார். பிறகு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அரை மணி நேரமும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அவன் திரும்புவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பாள்.

அந்த நர்சம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மேசையில் அடுக்கு அடுக்காக அட்டைகள் இருந்தன, வெளியே இன்னும் வரிசை நின்றது. அவர் சொன்ன பதிலும் சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒருத்தி என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்படிப் போனவள் நான்.

பெரியவன் பிறந்தது 2016 ஜனவரியில். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டோம், ஒரு தொந்தரவும் இல்லை. 2017 பிப்ரவரியில் அரசாங்கம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டதே, நினைவிருக்கும். அப்போதுதான் இந்த ஊசி பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் ஆடியோக்கள் வந்தன. பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கூடி நின்று கேட்டோம். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிப்ரவரி கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அப்போது அவன் "அம்மா", "தா", "காக்கா" என்று மூன்று வார்த்தை சொல்லுவான். ஏப்ரல், மே வாக்கில் "காக்கா" நின்றது. அப்புறம் "தா" நின்றது. ஆடி மாதம் மாமியார் வீட்டில் கூழ் ஊற்றும்போது, "இவன் அம்மான்னு சொல்லி எத்தன நாளாச்சு?" என்று அத்தை கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"ஊசி போட்டப்புறம்தான்மா எல்லாம்" என்று தெருவே சொன்னது. நானும் அதைத்தான் நம்பினேன். ஊசி போட்ட அன்று அவன் கையை ஆட்டாமல் இறுக்கிப் பிடித்தவள் நான். என் பிடிக்குள் அந்தச் சின்னக் கை துடித்தது இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது. நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு ஒரு தாய் தினமும் எழுந்து அடுப்பு மூட்டுவது எப்படியிருக்கும் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா?

அவனுக்கு இரண்டரை வயதில் ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். எந்த இடம், யார் என்று இங்கே சொல்ல வேண்டாம். "நெட்ல படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எந்த டாக்டரிடமும் அதைக் கேட்கவில்லை.

நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறு ஒருவர் வந்து பதில் சொன்னார். ஊசியில் பாதரசம் இருக்கிறது, அது பிள்ளையின் மூளையில் தங்கிவிட்டது, அதை வெளியே எடுத்தால் பேச்சு வந்துவிடும் என்றார். கம்மலை அடகு வைத்து 18,000 ரூபாய் கொடுத்தோம். மூன்று மாதம் ஏதோ ஒரு பொடியும் சொட்டு மருந்தும் கொடுத்தோம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். தட்டம்மை-ருபெல்லா ஊசியில் தையோமெர்சால் என்ற அந்தப் பாதரசச் சேர்மானம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதைப் பிற்பாடு படித்தேன். அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி; தையோமெர்சால் சேர்த்தால் அந்தக் கிருமியே செத்துப்போகும். பாதரசத்தை எடுக்கிறேன் என்று அமெரிக்காவில் 2005ல் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு நரம்பு வழியே மருந்து ஏற்றி, அவன் இறந்தே போயிருக்கிறான். அதைப் படித்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இந்தப் பாதரச விஷயத்தை ஒரு நர்சம்மா என்னிடம் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் கம்மல் போகட்டும், என் பிள்ளையின் வயிறு அந்தப் பாடு பட்டிருக்காது.

சின்னவள் பிறந்தது 2024 ஜூலையில். ஒன்பதாம் மாதம் வந்தது. அவளுடைய அட்டையை சாமி ஷெல்ஃபில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஏரியா நர்சம்மா இரண்டு தடவை வீடு தேடி வந்தார். ஒரு தடவை காய்ச்சல் என்றேன், இன்னொரு தடவை ஊரில் இருக்கிறாள் என்றேன். பிள்ளை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னது தப்புதான். அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது தடவை அவர் ஒரு டாக்டரம்மாவையும் கூட்டி வந்தார். வயது குறைவுதான். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார். "ஊசி ஏன் போடலை?" என்று கேட்கவில்லை. பெரியவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குட்ஸ் வண்டி போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி எப்ப பேச்ச நிறுத்தினான்? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். எட்டு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் டாக்டர் அவர். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தா எடுத்துப் பாருங்கம்மா. அடுத்த வாரம் வரேன்."

பென் டிரைவில் இருந்தது. அதுவரை போட்டுப் பார்க்க மனசு வந்ததில்லை. அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு போட்டோம். மொட்டை மாடியில் ஷாமியானா, சீரியல் லைட், கேக். நாத்தனார் மகனும் அதே மாதம் பிறந்தவன், நாத்தனார் இடுப்பில் இருக்கிறான். ஒரு பலூன் வெடிக்கிறது. அவன் திடுக்கிட்டு முதலில் அம்மா முகத்தைப் பார்க்கிறான், பிறகு பலூன் இருந்த இடத்தை விரலை நீட்டிக் காட்டுகிறான். என் பிள்ளை சீரியல் லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் கூப்பிடுகிறேன். நாலு தடவை கூப்பிடுகிறேன், கை தட்டுகிறேன், என் குரல் நன்றாகக் கேட்கிறது. அவன் திரும்பவில்லை. "லைட்டு பாக்குறான் பாரு என் ராஜா" என்று நானே சந்தோஷமாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். அது 2017 ஜனவரி. அந்த ஊசிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

எங்களுக்கு முன்னாலேயே இப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா மறுவாரம் சொன்னார். 1994ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிற்பாடு ஆட்டிசம் என்று தெரியவந்த பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களையும் மற்றப் பிள்ளைகளின் வீடியோக்களையும் சேர்த்து வைத்து, யார் யார் என்று தெரியாதவர்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முகம் பார்ப்பது, விரலால் காட்டுவது, பெயருக்குத் திரும்புவது இவற்றிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அமைதியான பிள்ளை, தொந்தரவு தராத பிள்ளை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாம் மாத ஊசி அதற்கும் முன்னால் போட்டதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி. ஒரு வீட்டு வீடியோவ வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அதனாலதான் லட்சக்கணக்கான புள்ளைங்கள எண்ணிப் பாத்திருக்காங்க" என்றார். அந்தக் கணக்குகளை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு கடையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். தமிழில் ஒழுங்காக ஒரு பக்கம் கூடக் கிடைக்காமல், ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துப் படித்தேன். நீங்கள் இதைத் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2019ல் முடிவைச் சொன்னார்கள். அங்கே தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அந்தக் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேர் அந்த ஊசி போடாதவர்கள். போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது 2015ல் அமெரிக்காவில் வந்த கணக்கு. அண்ணனோ அக்காவோ உள்ள 95,727 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிற வீடுகளைத் தனியாகப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட வீட்டிலும் இளைய பிள்ளைக்கு ஊசியால் ஆபத்து கூடவில்லை. அது என் வீட்டுக் கணக்கு. என் சின்னவளுக்காக யாரோ எண்ணிவைத்த மாதிரி இருந்தது. அந்த ஒரு எண்ணை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அட்டை அம்மன் படத்துக்குப் பின்னால் போயிருக்காது. 

ஜப்பானில் 1993ல் மூன்று நோய்க்கும் சேர்த்துப் போட்ட ஊசியை வேறு ஒரு காரணத்துக்காக நிறுத்தினார்கள். அதிலிருந்த பொன்னுக்குவீங்கிக் கிருமியால் சில பிள்ளைகளுக்கு மூளை உறையில் அழற்சி வந்தது. ஊசியை நிறுத்தின பிறகும் அங்கே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறிக்கொண்டேதான் போனது.

இந்தச் சந்தேகம் எங்கே ஆரம்பித்தது என்பதையும் படித்தேன். 1998 பிப்ரவரியில் லண்டனிலிருந்து வரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட இருந்த வக்கீல்களிடம் அவர் பணம் வாங்கியிருந்தது பிற்பாடு ஒரு பத்திரிகையாளரால் வெளியே வந்தது. மொத்தம் 4,35,000 பவுண்டுக்கு மேல். கூட எழுதியவர்களில் 10 பேர் 2004லேயே அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010ல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. அந்த விசாரணையில் வந்த ஒரு தகவல் என்னை ரொம்ப உலுக்கியது. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து அவர் ரத்தம் எடுத்திருக்கிறார். நான் என் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவைப் பார்க்கப் பயந்து எட்டு வருடம் ஒளித்து வைத்திருந்தவள். அந்தப் பயத்தை என் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டவர் இப்படிப்பட்டவர்.

இப்போது அது புதிதாக மறுபடி கிளம்பியிருக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்ததை மாற்றி எழுதியது. புதிதாக எதையும் கண்டுபிடித்து மாற்றவில்லை. அங்கே சுகாதாரத் துறைக்குப் பொறுப்பான ராபர்ட் கென்னடி ஜூனியர் சொல்லி மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஆராய்ச்சிகளை மறுபடி பார்த்து, டிசம்பரிலேயே தொடர்பில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. முதல் செய்தி எங்கள் தெரு குரூப்புக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. இரண்டாவது செய்தி இன்று வரை வரவில்லை.

உங்களிடம் ஒன்று மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வடசென்னை ஜனங்கள் படிக்காதவர்கள், வதந்தியை நம்புகிறவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எங்களுக்குச் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வலை, படகு எல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் ஒரு ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். முதலில் எப்போதும் எங்கள் காதுக்கு வருவது "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்பதுதான். அதே வார்த்தையை ஊசி போடும் இடத்திலும் கேட்டால் எங்கள் வயிறு கலங்காதா?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. அதை நாங்கள் மறக்கவில்லை, நீங்களும் மறைக்க வேண்டாம். சமோவா என்ற தீவு நாட்டில் 2018ல் இதே மாதிரி இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசி மருந்தோடு தண்ணீருக்குப் பதில் காலாவதியான, தசையைத் தளர்த்துகிற மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். கலந்த கையில்தான் தப்பு. ஆனால் ஜனங்கள் ஊசியையே வெறுத்துவிட்டார்கள், அரசாங்கமும் பல மாதம் நிறுத்திவைத்தது. 2019ல் அங்கே தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். நம் நர்சம்மா குப்பியின் மேல் நேரம் எழுதுகிறாரே, கலந்த மருந்தை நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. குப்பி மேல் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது, சூடு பட்டால் அது கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. இதையெல்லாம் எங்களிடம் காட்டுங்கள். குப்பியைக் கையில் வைத்து, "பாருமா, சதுரம் வெள்ளையா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னால், அந்தத் தாய் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லுவாள்.

பக்கவிளைவையும் முழுசாகச் சொல்லுங்கள். ஊசி போட்டு ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம், ஏறக்குறைய 3,000 பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம், பத்து லட்சத்தில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம், அரை மணி நேரம் உட்காரச் சொல்வதே அதைக் கவனிக்கத்தான். இதைச் சொன்னால் பயப்படுவோம் என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் விட்டு எட்டாம் நாள் பிள்ளைக்குத் தடிப்பு வரும்போதுதான் பயம் வருகிறது.

நோயையும் நாங்கள் மறந்துபோனோம். எங்கள் அத்தைக்கு மறக்கவில்லை. அவருடைய தங்கைக்கு மூன்று வயதில் மணல்வாரி, அதாவது தட்டம்மை, வார்த்தது. வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மா தானே இறங்குவாள் என்று காத்திருந்தார்கள். தடிப்பு இறங்கியது, நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்தது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. சின்னவளுக்கு ஊசி போட வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அத்தைதான். பிறந்தநாள் வீடியோ பார்த்த மறுநாள் காலையில் இந்தக் கதையைச் சொல்லி, "கூட்டிட்டுப் போ" என்றவரும் அவர்தான். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் குழந்தைகள் தட்டம்மையில் செத்தார்கள். கோவண்டி எப்படிப்பட்ட இடம் என்று கேட்டால், குப்பைமேடும் நெருக்கமான வீடுகளும் உள்ள இடம் என்றார்கள். கொடுங்கையூரைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

ருபெல்லாவைப் பற்றி இன்னொன்று. 1964ல் அமெரிக்காவில் ருபெல்லா பெரிய அளவில் பரவியபோது வயிற்றிலிருந்த பல குழந்தைகளைத் தாக்கியது. அப்படிப் பிறந்த 243 பிள்ளைகளை ஸ்டெல்லா செஸ் என்ற டாக்டர் நியூயார்க்கில் தொடர்ந்து பார்த்தார். காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறோடு, அவர்களில் ஆட்டிசமும் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆட்டிசத்துக்குப் பெரும் பங்கு பரம்பரைதான், 2019ல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரைப் பார்த்து ஏறக்குறைய 80 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வருகிற காரணங்களில் நிச்சயமாகத் தெரிந்த ஒன்று வயிற்றில் இருக்கும்போது வரும் ருபெல்லா. அதைத் தடுக்கிற ஊசியைத்தான் நான் ஆட்டிசத்துக்குப் பயந்து ஒளித்து வைத்தேன்.

இனி நான் கேட்பது.

ஊசி போட்டபிறகு எங்களை அரை மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்களோடு யாரும் பேசுவதில்லை. ஒரே ஒரு ஆளை அந்தப் பெஞ்சில் எங்களோடு உட்கார வையுங்கள். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டால் முகம் சுளிக்காத, பதில் தெரிந்த ஒரு ஆள் போதும்.

அடுத்தது, இதைவிடப் பெரியது. இரண்டாவது தட்டம்மை-ருபெல்லா ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிறீர்கள். பேச்சு தள்ளிப்போவதும், வந்த பேச்சு நின்றுபோவதும் வெளியே தெரிகிற வயதும் அதேதான். சந்தேகம் பிறந்ததே இந்த ஒற்றுமையால்தான். அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் அதைவிட நல்ல நாள் ஏது? 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காகவே எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இருபது கேள்வி. பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரலால் காட்டுகிறானா, நீங்கள் சிரித்தால் சிரிக்கிறானா, நீங்கள் ஒன்றைக் காட்டினால் அங்கே பார்க்கிறானா. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். தாய் சேய் அட்டையிலேயே குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பி எங்களிடம் காட்டியதில்லை. 2013ல் ஆரம்பித்த குழந்தை நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை என்றுதான் எழுதியிருக்கிறது. என் பெரியவனுக்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னது அவனுடைய நாலரை வயதில். ஒன்றரை வயதில் ஊசி போட வந்த நாளிலேயே இருபது கேள்வி கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சம்.

கண்டுபிடித்தபிறகு எங்கே போவது? அதையும் கேட்கிறேன். நல்ல தெரபி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று சொன்னவர்கள் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கிற மத்திய அரசு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து முட்டுக்காடு போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும். கூட்டமான பஸ்ஸில், சத்தம் தாங்காத பிள்ளையின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போயிருக்கிறேன். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி கொஞ்சம் பக்கம், ஆனால் மொத்த ஊரும் அங்கே வருகிறது. தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒரு அறை. ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு பொடி விற்கிறவர்கள் எங்கள் தெருவில் பிழைப்பதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு வேறு வாசல் இல்லாததால்தான்.

அந்தப் புதன்கிழமை நான் பெஞ்சில் அந்தப் பெண் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். "எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு தங்கச்சி" என்று ஆரம்பித்தேன். என் பெரியவனைப் பற்றிச் சொன்னேன், வீடியோவைப் பற்றிச் சொன்னேன், 95,727 பிள்ளைகளின் கணக்கைச் சொன்னேன். பிறகு அவள் மகனிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். வாசலில் ஒரு நாய் வந்து நின்றது. அவன் அதை விரலால் காட்டி, "தோ" என்று சொல்லி, அம்மா பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் அழுதுவிட்டாள். அதற்குள் நர்சம்மா உள்ளேயிருந்து, அரை மணி ஆயிற்று, நீங்கள் போகலாம் என்று குரல் கொடுத்தார்.

எனக்குக் கடை பதினொன்றரை மணிக்குத்தான். புதன்கிழமை காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்னால் வர முடியும். சம்பளம் வேண்டாம். நான் சொல்வது சரியா என்று முதலில் உங்கள் டாக்டர் ஒருவர் சோதித்துக்கொள்ளட்டும். என் ஏரியா நர்சம்மாவுக்கு என் வீடு தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொருக்குப்பேட்டை, சென்னை